கடல் மீன் தொட்டியில் நைட்ரேட் – குறைப்பது எப்படி?



நைட்ரஜன் சுழற்சி என்றால் நமக்கு அம்புக்குறி போட்ட படம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் படம் முழுவதும் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே நடக்கிறது. எங்க சித்தப்பா 100 லிட்டர் தொட்டியில் உப்புத் தண்ணி ஊற்றி இரண்டு கோமாளி மீன் வளர்க்கிறார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது.

டெஸ்ட் கிட் வாங்கி வந்து பார்த்தபோது அந்தத் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம் காட்டியது. "என்னடா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, இதுல என்ன கெட்டுப் போச்சு?" என்றார் சித்தப்பா. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால் கண்ணை நம்பக்கூடாது.

நைட்ரேட் எங்கிருந்து வருகிறது?

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா கொஞ்சம் இருந்தாலே மீன் செத்துவிடும். நைட்ரேட் அவ்வளவு கொடியது இல்லை. ஆனால் அது தானாகப் போகாது, நாளுக்கு நாள் சேரும். கடலில், பவளப்பாறைப் பக்கம் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூட இருப்பதில்லை. மீன் மட்டும் உள்ள தொட்டியில் 20, 40 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மீன் சோர்ந்து, நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும். கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும்.

குறைக்கும் வழிகள்

1. தீனியைக் குறைக்கணும். இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

2. வடிகட்டிப் பஞ்சில் தங்கும் அழுக்கும் நைட்ரேட்டாக மாறும். அதை வாரம் ஒருமுறை அலசவும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே அலசணும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் அலசினால் நல்ல பாக்டீரியா செத்துப் போகும்.

3. தண்ணி மாற்றணும். இதுதான் நிச்சயமான வழி. வாரம் 25 லிட்டர் எடுத்துவிட்டு, புதுசா 25 லிட்டர் உப்புத் தண்ணி ஊற்றணும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அப்படியானால் 25 லிட்டருக்கு 875 கிராம். சமையல் உப்பு ஆகாது; அதில் மக்னீசியமும் கால்சியமும் போதாது. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை முந்தின நாளே கலக்கி வைக்கவும். மொத்தத் தண்ணியையும் ஒரே நாளில் மாற்றினால் மீன் அதிர்ச்சியில் சாகும்.

4. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பும். நம்ம ஊர் நெல் வயல் சேற்றிலும் இதுதான் நடக்கிறது. தொட்டியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய மணல் போட்டால் அடியில் இவை வளரும். இதற்காக மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல் எடுத்து வருவது குற்றம். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

வெயிலில் தண்ணி வற்றும்போது நாம் ஊற்றி நிரப்புவது தண்ணி மாற்றியதாக ஆகாது. வற்றுவது தண்ணி மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே இருக்கும்.

ஒரு கணக்கு

தொட்டியில் நைட்ரேட் 80. ஊற்றும் தண்ணியில் 0. வாரம் கால் பங்கு மாற்றினால்:
80 → 60 → 45 → 34 → 25

ஊற்றும் தண்ணியிலேயே 30 இருந்தால்?
80 → 68 → 58 → 51 → 46

வருஷம் முழுக்க மாற்றினாலும் 30-க்குக் கீழே இறங்கவே இறங்காது! அதனால் முதலில் சோதிக்க வேண்டியது தொட்டியை அல்ல, வாளியை. நாங்கள் போர் தண்ணியைச் சோதித்தபோது அதிலும் நிறம் மாறியது. ஆர்.ஓ. தண்ணியில் ஏறக்குறைய மாறவில்லை. இப்போது சித்தப்பா ஆர்.ஓ. தண்ணியில்தான் உப்புக் கலக்குகிறார்.

போர் தண்ணியில் எப்படி வந்தது?

சோழவந்தான் என்றாலே நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். வயலுக்குப் போடும் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. மண் துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் எதிர் மின்சுமை, ஒன்றையொன்று விலக்கும். எனவே மண் அதைப் பிடித்து வைக்காது, பாய்ச்சுகிற தண்ணியோடு கீழே இறங்கிவிடும். சாக்கடை, கழிவறைக் குழி, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றிலிருந்தும் வரும்.

உங்களுக்குத் தெரியுமா?

1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற டாக்டர், கிணற்றுத் தண்ணியில் பால் கலக்கிக் கொடுத்த கைக்குழந்தைகளின் உடம்பு நீலமாவதைக் கண்டு எழுதினார். காரணம் நைட்ரேட். அது குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். நம் நாட்டில் குடிநீருக்கு வைத்த எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம்.

'நாங்க கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறோம்' என்று பலரும் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணி ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

மீன் தொட்டி கிட் ஒரு துப்பு மட்டுமே கொடுக்கும். சரியான அளவு தெரிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணியைக் கொடுத்துச் சோதிக்கலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்து, போர் தண்ணியில் பால் கலக்கினால், இதை இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

சிந்திக்க: 100 லிட்டர் தொட்டியில் நைட்ரேட் 40. ஊற்றும் தண்ணியில் 10. ஒரே தடவை பாதித் தண்ணி மாற்றினால் எவ்வளவு? கால் கால் பங்காக இரண்டு தடவை மாற்றினால் எவ்வளவு? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி அறிவியல் பெட்டியில் போடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.

– பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு