பட்டினியால் மெலிவது எது?

பட்டினி கிடந்தால் எடை குறையும் என்பதில் ஐயமில்லை. குறைவது எது என்பதே என் கேள்வி.

எலுமிச்சைச்சாறும் தேனுமாக ஒரு வாரத்தைக் கழிக்கும் விடுதித் தோழர்கள், எடை இறங்கக் கண்டு மகிழ்கிறார்கள். இறங்கியதில் பெரும்பங்கு நீரே. உடலில் சேமித்துள்ள கிளைக்கோஜன் கரையும்போது, ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் வெளியேறுகிறது. சோறுண்டதும் அது திரும்பி வந்துவிடும்.

பட்டினி நீண்டால்? 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். 24 வாரங்கள் அரைவயிற்று உணவு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. எடையில் சுமார் கால் பங்கு குறைந்தது. கூடவே தசையும் கரைந்தது; நாடித்துடிப்பு தளர்ந்தது; கோடையிலும் குளிரெடுத்தது. சிலர் சமையல் நூல்களையே புரட்டிக்கொண்டிருந்தனராம்! பின்னர் வயிறார உண்டபோது, தசை முழுதும் மீள்வதற்கு முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. நம் சாறு விரதத்திலோ அந்த 1,570 கலோரியில் பாதிகூடத் தேறாது.

வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும் என்பேன். சோற்றைச் சற்றே குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டி, நாள்தோறும் அரைமணி விரைந்து நடந்து, சில தண்டாலும் எடுத்தால் தசை பெரும்பாலும் தங்கும், கொழுப்பு கரையும். கல்லூரி விழாவுக்குள் மெலிய விரும்புவோர்க்கு இது உதவாது. அவர்கள் சட்டையைத் தளர்வாகத் தைத்துக்கொள்ளட்டும்.