தலைவர் கடைசியில் பேசட்டும்



நல்ல தலைவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் என்ன சொல்வோம்? "சத்தமா பேசணும். தொரகிட்ட பயப்படாம நிக்கணும். சொன்னா சொன்னதுதான்னு இருக்கணும்" என்போம். பயப்படாமல் நிற்பது தேவைதான். ஆனால் தலைமைத்துவத்தில் அது ஒரு பாதி மட்டுமே. மறு பாதியைப் பற்றியதுதான் இந்த இதழின் பாடம். மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி என்று எதில் இருந்தாலும் இது உங்களுக்கு உதவும். எதிலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு உதவும்.

முதலில் எங்கள் கதையைச் சொல்லி விடுகிறோம்.

ஊத்து வற்றிய கதை

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் குடிதண்ணீர் வேலைக்காகக் கூட்டம் கூடினோம். மூன்று லயத்து ஆட்கள் வந்திருந்தார்கள். தலைவர் எழுந்து, "மேமலை ஊத்துலதான் தாங்கி கட்டணும். எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார். தலைகள் ஆடின, கைகள் உயர்ந்தன. கால் மணித்தியாலத்தில் கூட்டம் முடிந்தது. "என்ன ஒற்றுமை!" என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஆண்களும் பெண்களும் சிரமதானமாகக் கல் சுமந்தார்கள், கான் வெட்டிக் குழாய் பதித்தார்கள். தண்ணீரும் வந்தது. அடுத்த மாசி மாத வறட்சியில் ஊத்து வற்றிப் போனது. பெண்கள் பழையபடி குடத்தோடு பீலிக்கு நடந்தார்கள்.

அப்போதுதான் வயதான ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "அந்த ஊத்து மாசியில காஞ்சிரும்னு எனக்குத் தெரியுங்க. சின்னப் புள்ளையில இருந்து அங்கதானே தண்ணி புடிச்சேன்."

"ஏன்மா அன்னைக்கே சொல்லல?"

"தலைவரு சொல்லிட்டாரு. நீங்க வேற கடதாசியோட வந்து ஒக்காந்திருந்தீங்க. யாரு என்னைக் கேட்டா?"

நியாயமான கேள்வி. தலைவர் மட்டுமல்ல, நாங்களும் அவரைக் கேட்கவில்லை. பெரட்டுக்களத்தில் வாய் திறந்தால் என்ன ஆகுமோ என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்து பழகிய சமுதாயம் நம்முடையது. அந்தப் பயத்தை நம் சொந்தக் கூட்டத்துக்குள்ளும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் கண்ட அதிசயம்

பெரிய கம்பனிகளின் முகாமையாளர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிகள் அமெரிக்காவில் பல உண்டு. அவற்றில் பேர் பெற்ற ஒன்று ஹாவர்ட் வர்த்தகக் கல்லூரி. அங்கே பேராசிரியராக இருப்பவர் ஏமி எட்மண்ட்சன் என்ற பெண்மணி. 1990களில் அவர் ஹாவர்டில் மாணவியாக இருந்தபோது செய்த ஓர் ஆய்வு நமக்கும் பாடமாகிறது.

இரண்டு ஆஸ்பத்திரிகளில் எட்டு வாட்டுகளை அவர் எடுத்துக்கொண்டார். நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் எங்கே எத்தனை பிழை நடக்கிறது என்ற கணக்கு ஒரு பக்கம். எந்த வாட்டில் தாதிமார் ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கு மறு பக்கம். நல்ல குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்போம்? அவரும் அப்படித்தான் நினைத்தார். கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பிழை அதிகம் பதிவாகியிருந்தது!

அது எப்படி? நல்ல தாதிமார்தான் அதிகம் பிழை விடுகிறார்களா? இந்தக் கணக்கு எதையும் அறியாத ஒருவரை வாட்டுகளுக்கு அனுப்பி, என்ன நடக்கிறது என்று பார்க்கச் செய்தார். உண்மை வெளியே வந்தது. நல்ல தலைமை உள்ள வாட்டில், ஒரு தாதி பிழை விட்டால் உடனே சொல்லி விடுவார். எல்லோரும் சேர்ந்து அது மறுபடி நடக்காமல் வழி பார்ப்பார்கள். கடுமையான தலைமை உள்ள வாட்டில் ஏச்சுக்கும் தண்டனைக்கும் பயந்து பிழையை மறைத்து விடுவார்கள். ஆகவே, கணக்கில் பிழை குறைவாகத் தெரிந்த இடத்தில் பிழை குறைவு என்று அர்த்தமில்லை. அது வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. பிறகு அவர் ஓர் உற்பத்திக் கம்பனியில் 51 வேலைக் குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதினார். அங்கேயும், பயமில்லாமல் கேள்வி கேட்கவும் பிழையை ஒப்புக்கொள்ளவும் முடிந்த குழுக்களே அதிகம் கற்றுக்கொண்டன. வேலையும் நன்றாக நடந்தது.

ஒரே தலைவர், இரண்டு முடிவுகள்

நாடாளும் இடத்திலும் இதே கதைதான். 1961 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எஃப். கென்னடி, கியூபாவின் கஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்க ஒரு திட்டத்துக்குச் சம்மதித்தார். நாட்டை விட்டு வெளியேறிய கியூபர்கள் சுமார் 1400 பேருக்கு இரகசியமாகப் பயிற்சி கொடுத்து, பன்றிக் குடா என்ற கரையில் இறக்கினார்கள். மூன்றே நாளில் தோல்வி. 1100 பேருக்கு மேல் பிடிபட்டார்கள்.

தோற்றால் மலைக்குள் போய்த் தப்பிக்கலாம் என்று மேலிடத்தில் நம்பியிருந்தார்கள். அந்த மலையோ சுமார் 80 மைலுக்கு அப்பால் இருந்தது. நடுவில் சேற்று நிலம். நம் ஊத்துக் கதையைப் போல, தரையைத் தெரிந்த கேள்வி ஒன்று சபையில் எழவில்லை. ஆதர் ஷ்லெசிங்கர் என்ற ஆலோசகர் தன் சந்தேகத்தை எழுத்தில் கொடுத்திருந்தார். ஆனால் கூட்டத்தில் போதிய அளவு பேசவில்லை. அதற்காகப் பின்னால் தன்னையே நொந்துகொண்டார்.

அடுத்த வருஷம், 1962 ஒக்டோபரில் அதை விடப் பெரிய ஆபத்து வந்தது. சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்தது. தலைவர் அதே கென்னடி. ஆலோசகர்களிலும் பலர் பழையவர்களே. இம்முறை கூட்டம் நடந்த விதம் வேறு. தன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள் என்று கென்னடி சில கூட்டங்களுக்குப் போகாமலே இருந்தார். ஆலோசகர்கள் குழுக்களாகப் பிரிந்து திட்டம் எழுதி, ஒருவர் திட்டத்தில் மற்றவர் குறை கண்டுபிடித்தார்கள். உடனே குண்டு போட வேண்டும் என்ற பேச்சு மெல்ல அடங்கியது. கடல் வழியை மறிப்பதென்று முடிவானது. இரகசியப் பேரமும் நடந்தது. ஒக்டோபர் 28இல் ஏவுகணைகளைத் திருப்பி எடுக்க சோவியத் தலைவர் குருஷேவ் சம்மதித்தார்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்தின் ஏர்விங் ஜானிஸ் 1972இல் ஒரு நூல் எழுதினார். ஒற்றுமை கெட்டுவிடுமே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், கெட்டிக்காரர்கள் கூடிய சபையும் முட்டாள்தனமான முடிவுக்கு வரும் என்பது அவர் காட்டிய உண்மை.

நமது கூட்டத்தில் என்ன செய்யலாம்?

1. தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் முடிவைச் சொன்னால் மற்றவர் தலையாட்டத்தான் செய்வார்கள். முதலில் விஷயத்தை மட்டும் சொல்லி, எல்லோரையும் பேசவிட வேண்டும்.

2. கெட்டுப்போவதை முன்கூட்டியே நினைத்துப் பாருங்கள். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் எழுதிய வழி இது. "ஒரு வருஷம் போயிருச்சு, நம்ம வேலை நாசமாப் போச்சு. ஏன்?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லட்டும். இப்படிக் கேட்டால், குறை சொல்கிறவர் எதிரியாகத் தெரிய மாட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னவராகத் தெரிவார்.

3. சுமக்கிறவரைக் கேளுங்கள். தண்ணீர் என்றால் குடம் தூக்குகிற பெண்களை, பிள்ளை மடுவம் என்றால் தாய்மாரைக் கேளுங்கள். பின் வரிசையில் இருப்பவரிடம் பேர் சொல்லிக் கேட்டால்தான் வாய் திறப்பார்.

4. பிழையைச் சொன்னவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். விசாரணை பிறகு. முதல் ஆளை ஏசினால் இரண்டாவது ஆள் வரவே மாட்டார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பயமில்லாத கூட்டம் என்பது கட்டுப்பாடில்லாத கூட்டம் அல்ல. சங்கக் காசுக்குக் கணக்குக் காட்டாதவரிடம் கேட்டே ஆக வேண்டும். தெரியாமல் விட்ட பிழை வேறு, தெரிந்து செய்த மோசடி வேறு. உண்மையில், வாய் திறக்கப் பயந்த சங்கத்தில்தான் மோசடியும் நெடுநாள் ஒளிந்திருக்கும்.

வீட்டிலும் இதே பாடம்தான். சோதனையில் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளை ரிப்போட்டை ஒளித்து வைக்கிறதா, கொண்டுவந்து காட்டுகிறதா? அதை வைத்தே நம் வீட்டுத் தலைமையை நாமே அளந்து பார்க்கலாம்.

அந்தத் தோட்டத்தில் பிறகு இரண்டாவது கூட்டம் போட்டார்கள். அந்த அம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைவரே எழுந்து, "போன தடவ நான் யாரையும் கேக்கல. அது என் பிழை. நீங்க சொல்லுங்கம்மா" என்றார். கோடையிலும் வற்றாத இன்னொரு ஊத்து காட்டு ஓரத்தில் இருப்பதை அந்த அம்மா சொன்னார். மறுநாள் எல்லோரையும் கூட்டிப்போய்க் காட்டினார். குழாய் கூடுதலாகத் தேவைப்பட்டது, வேலையும் கூடியது. ஆனால் அடுத்த மாசியில் பீலிக்கு நடக்க வேண்டி வரவில்லை.

முதல் கூட்டம் கால் மணித்தியாலம். இரண்டாவது கூட்டம் இரண்டரை மணித்தியாலம், அதுவும் ஒரே வாக்குவாதம்!

கூடிப் பேசுவோம்

உங்கள் சங்கத்தின் கடைசிக் கூட்டத்தில் யார் யார் பேசினார்கள்? யார் பேசவில்லை? "எனக்கு அப்பவே தெரியும்" என்று யாராவது பின்னால் சொன்னதுண்டா? அவர் அன்று ஏன் சொல்லவில்லை? அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் இந்தக் கேள்விகளை வைத்து வீட்டிலும் லயத்திலும் பேசிப் பாருங்கள்.