காலந்தாழ்த்து மலரும் செம்பருத்தி

தோட்டக் கலையிற் புதிதாய்ப் புகுவோர் பெரும்பாலும் விரைந்து பூக்கும் செடிகளையே விரும்புவர். வசந்தம் பிறந்ததும் எது முதலில் மலர்கின்றதோ அதுவே சிறந்ததென்பது அவர்தம் எண்ணம். ஆயின், மழை குறைந்து குளிர் மிகுந்த நாடுகளில் இவ்வெண்ணம் பலகால் ஏமாற்றத்தையே தரும். அத்தகைய நிலங்களிற் காலந்தாழ்த்து மலர்தல் ஒரு செடிக்குக் குறையன்று. அதுவே அதற்குக் காப்பாகும். இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முயல்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கொலராடோவின் தலைநகர் டென்வர். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே, கடல் மட்டத்திற்கு 5,280 அடி உயரத்தில் அஃது அமைந்துள்ளது. அங்கே ஆண்டு முழுதும் பெய்யும் மழையையும் உருகிய பனியையும் சேர்த்துக் கணக்கிடினும் ஏறக்குறைய 15 அங்குலமே தேறும். குளிர்காலத்துச் சில இரவுகளிற் பாரன்ஹீட் அளவு சுழிக்குக் கீழே இறங்கும். சின்னாட்களுக்குள் 'சினூக்' என்னும் வெப்பக் காற்று மலையினின்று இறங்கி, கிடந்த பனியை உருக்கி, நிலத்தையும் உலர்த்திவிடும். மே மாத முற்பாதியிலும் உறைபனி விழுதலுண்டு. அக்டோபர் தொடக்கத்தில் அது மீண்டும் வந்து சேரும்.

இந்நகரத்துத் தோட்டங்களிற் காணப்பெறும் புதர்ச் செடிகளுள் ஒன்று 'ரோஸ் ஆஃப் ஷாரன்' என்பது. நம் வீட்டு முற்றங்களில் நிற்கும் செம்பருத்தியும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நமது செம்பருத்தி உறைபனிக்கு ஆற்றாது. இதுவோ இலைகளை உதிர்த்துவிட்டுச் சுழிக்குக் கீழ் 20 பாகை வரையிலுங்கூடத் தாங்கி நிற்கும். விவிலியத்தின் உன்னதப்பாட்டிற் சொல்லப்படும் சாரோனின் ரோஜா இச்செடியன்று. பெயர் மட்டுமே அங்கிருந்து வந்தது. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குச் 'சிரியாக்கஸ்' என்று பெயரிட்டனர். ஆயினும் இதன் தாயகம் சிரியா அன்று, சீனமே. கொரியர் இதனை 'முகுங்ஹ்வா' என வழங்கித் தம் நாட்டு மலராகப் போற்றுகின்றனர். வெண்மை, இளஞ்சிவப்பு, ஊதா முதலிய நிறங்களிற் பூக்கும். எட்டு முதற் பன்னிரண்டு அடி வரை உயரும்.

இனி, காலந்தாழ்த்தல் காப்பாவது எங்ஙனம் என்பதை நோக்குவோம். லைலாக் போன்ற செடிகள் அடுத்த வசந்தத்திற்குரிய அரும்புகளை முந்தின கோடையிலேயே கொம்பில் அமைத்துக்கொள்கின்றன. அவ்வரும்புகள் குளிர்காலம் முழுவதையும் கடத்தல் வேண்டும். விரிகின்ற வேளையில் உறைபனி விழுமாயின் அவ்வாண்டின் பூ அழிந்துபடும். நம் ஆராய்ச்சிக்குரிய செடியோ அவ்வாண்டிலே தோன்றிய புதுக் கிளையில் அரும்பு கட்டுகின்றது. மே மாதத்து உறைபனி கெடுப்பதற்கு அப்பொழுது அதனிடம் அரும்பே இல்லை. ஜூலை முடிவில் மலரத் தொடங்கிச் செப்டம்பர் வரை நாள்தோறும் புதுப் பூக்களைத் தருகின்றது. ஒரு பூ பெரும்பாலும் ஒரு நாளே நிற்கும்; ஆயினும் மற்றைச் செடிகள் பூத்தோய்ந்த அக்காலத்தில் தேனீக்களுக்கு இது நல்விருந்தாகின்றது.

நடுதற்கு ஏற்ற காலம் வசந்தம். கோடை முழுதும் வேர் பரவிய பின்னரே செடி முதற் குளிர்காலத்தை எதிர்கொள்ளல் நன்று. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படுவதும், குளிர்காற்று நேரே தாக்காததுமான இடத்தைத் தேர்க. குழியை ஆழமாக வெட்டாது, வேர்த்திரளின் அகலத்தைப்போல் இரு மடங்கு அகலமாக வெட்டுக. அடித்தண்டு மண்ணுக்குள் புதைதல் ஆகாது. அந்நாட்டு மண் பெரும்பாலும் காரத்தன்மை வாய்ந்த களிமண். ஆதலின் நீர் தேங்குமாறு விடலாகாது. அடியைச் சுற்றி மூன்று அங்குல மூடாக்கு இடுக. அது தண்டைத் தொடாதிருத்தல் வேண்டும். கோடையில் நீர் மிகக் குறையின் அரும்புகள் விரியாமலே உதிரும். எனவே, நாள்தோறும் சிறிது தெளிப்பதை விடுத்து, இடைவிட்டு ஆழ நனையும்படி பாய்ச்சுதலே முறை. கோடை நடுவிற்குப்பின் உரமிடலாகாது. இட்டால் இளந்துளிர் முற்றாமலே குளிரில் அகப்படும்.

குளிர்காலத்திற் செடி மடிந்தால் குளிரே கொன்றதென்பர் பலர். வறட்சியே கொன்றது என்பது பல இடங்களில் உண்மையாகும். இலையற்ற கொம்பும் வெயிலாலும் காற்றாலும் சிறிது சிறிதாக ஈரத்தை இழக்கின்றது. உலர்ந்த மண்ணிலுள்ள வேர் அதனை ஈடுசெய்ய மாட்டாது. மேலும், ஈரமண்ணைக் காட்டிலும் உலர்மண் விரைந்து குளிர்ந்து வேரை வாட்டும். ஆகவே, அக்டோபர் முதல் மார்ச் வரை, நிலத்திற் பனி மூடாதும் மண் உறையாதும் வெப்பம் 40 பாகைக்கு மேலும் உள்ள நாட்களில், மாதம் ஓரிரு முறை நண்பகலில் நீர் பாய்ச்சல் வேண்டும். புதிதாய் நட்ட செடிக்கு முறைக்கு 5 காலன் போதும். நண்பகலில் விட்ட நீர் இரவு உறையுமுன் மண்ணுள் இறங்கிவிடும்.

வசந்தத்திலோ பொறுமையே வேண்டற்பாலது. ஏப்ரலில் அயலிலுள்ள செடிகளெல்லாம் தளிர்த்திருக்க, இது மட்டும் மே நடுப்பகுதி வரையிலுங்கூட வறுங்குச்சியாய் நிற்கும். இறந்ததென்று கருதி உயிருள்ள செடியையே தோண்டி எறிந்தார் பலர். ஐயம் எழுமாயின் கொம்பின் பட்டையை நகத்தாற் சிறிது சுரண்டிப் பார்க்க. உள்ளே பசுமை தோன்றினால் உயிர் உண்டு. நுனி காய்ந்திருப்பினும் அடி பசுமையாயிருக்கலாம். ஜூன் தொடக்கம் வரை காத்திருந்த பின்னரே முடிவு செய்க. கவாத்துச் செய்வதைக் குளிர்கால இறுதியிற் கொள்க. புதுக் கிளையிலேயே பூப்பதனால், அப்பொழுது வெட்டுவதாற் பூ குறையாது. இலையுதிர்காலத்தில் வெட்டுதல் தீது.

விதையால் இது பல்கிப் பரவித் தொல்லை தருவதுமுண்டு. வாஷிங்டனிலுள்ள தேசிய மரத்தோட்டத்திலிருந்து 1970-இல் வெளிவந்த 'டயானா' என்னும் வெண்மலர் வகை விதை மிகக் குறைவாகவே கட்டும்; சிறு தோட்டங்களுக்கு அதுவே தக்கது.

ஆகவே, பருவத்தின் முதல்வாரத்தில் இலை காட்டாத செடியைப் பயனற்றதென்று தள்ளிவிடாது, அதன் காலம் யாது என வினவி அறிதலே தோட்டக்காரனின் முதற்கடமை. வறண்ட நாளில் நீரும், வாளா நிற்கும் நாளிற் பொறுமையும் அளிப்பவன், ஏனையோர் தோட்டம் வெறுமையுறும் காலத்தில் தன் வாயிலிற் பூக்களைக் காண்பான்.