மனசுக்கும் மருந்து உண்டு



கை சுத்தமாக இருந்தாலும் சிலர் திரும்பத் திரும்பக் கழுவுவாங்க. பூட்டிய கதவைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பாங்க. தேவையில்லைன்னு அவங்களுக்கே தெரியும், ஆனா நிறுத்த முடியாது. இது எண்ணச் சுழற்சி நோய். ஓசிடி என்றும் சொல்வார்கள்.

பெரியவங்களுக்கு 2 வருடம், நம்ம வயசுக்கு 1 வருடம் மனசு சோர்ந்தே கிடந்தால் அது நாள்பட்ட மனச்சோர்வு. சோம்பேறித்தனம் இல்லை.

வாழ்க்கைத் தரம் என்றால் பணம் மட்டுமா? உலக சுகாதார நிறுவனம் அதை அளக்க 26 கேள்விகள் வைத்திருக்கிறது. உடல், மனம், உறவு, சுற்றுப்புறம் நான்கையும் கேட்கும். இந்த நோய்கள் நான்கையும் கெடுக்கும். ஊற்றுத் தண்ணி சுமக்கிற வீட்டில் ஒருத்தர் குடம் குடமாய்க் கை கழுவினால் தூக்கமும் போகும், சண்டையும் வரும்.

கட்டி வைப்பது வைத்தியமா? 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கிய கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது.

அரப்பளீஸ்வரரை வேண்டிக்கலாம். கூடவே டாக்டரையும் பார்க்கணும். மாத்திரை உண்டு. பயம் வந்தாலும் கழுவாமல் இருந்து பழகும் பயிற்சியும் உண்டு. 70 கொண்டை ஊசி வளைவு இறங்க முடியாதவங்க 14416-க்குப் போன் பண்ணுங்க. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

யாரையும் ‘லூசு’ன்னு கூப்பிடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க.