ஈயம் வைக்கும் முன்

குருவிட்ட,
ஐப்பசி.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய அம்ப்ளிஃபயர் கிட் என்றாய். டிடிஏ 2030 ஐசி இரண்டு, ஒரு பை நிறைய ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், துளை போட்ட போர்ட். தொடங்குகிறவனுக்கு நல்ல சாமான்தான். ஐசி பழசு, ஆனால் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பதினாலு வாட் வரை கொடுக்கும். லயத்து வீட்டுக்கும் கோயில் பஜனைக்கும் அது தாராளம். திருவிழாவுக்குக் கட்டுகிற ஹோர்னை இது இழுக்கும் என்று மட்டும் தோட்டத்தில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

"நிறத்தைப் பார்த்தே போட்டுவிடலாமே மாமா, ஒவ்வொன்றையும் ஏன் அளக்கணும்?" என்று கேட்டிருந்தாய். உன் பையில் இருப்பது நீல உடம்பு, ஐந்து கோடு போட்ட ஒரு சதவீத ரெசிஸ்டர். 22 கிலோ ஓமுக்குச் சிவப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கபிலம். அதையே மறுபக்கமிருந்து வாசி: கபிலம், சிவப்பு, கறுப்பு, சிவப்பு, சிவப்பு. அதுவும் ஒழுங்கான கணக்குத்தான், 12 கிலோ ஓம், இரண்டு சதவீதம்! 10 கிலோவைத் திருப்பி வாசித்தால் 120 ஓம் ஆகிவிடும். எந்தப் பக்கம் தொடங்குவது என்று காட்ட கடைசிக் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அரிசி அளவு ரெசிஸ்டரில் அதை எங்கே தேடுவது? நீல உடம்பில் கபிலமும் சிவப்பும் ராத்திரி பல்ப் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். கண் கூர்மையாக இருக்கிற வயது என்று நினைக்காதே, இதில் வயது உதவாது.

மாறிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள். இந்த ஐசியின் வழக்கமான சர்க்யூட்டில் வெளியீட்டிலிருந்து திரும்பி வருகிற ரெசிஸ்டர் 22 கிலோ, அங்கிருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியாக கிரவுண்டுக்குப் போவது 680 ஓம். 22,000ஐ 680ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டு: சிக்னல் ஏறத்தாழ 33 மடங்கு. இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் ஒரு மடங்குதான். சத்தம் வராவிட்டால் போகட்டும் என்று விடலாம். ஆனால் 24 டெசிபெலுக்கு, அதாவது சுமார் 16 மடங்குக்குக் கீழே இதை ஓட்டக் கூடாது என்று தயாரித்தவர்களே எழுதியிருக்கிறார்கள். ஓட்டினால் பாட்டே போடாமல் தானாக அதிர்ந்து, காதுக்குக் கேட்காத வேகத்தில் துடித்துச் சூடாகும். நீயோ ஐசி கள்ளச் சாமான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

அதனால் ஈயம் வைக்கும் முன் அளந்துவிடு. வைத்த பிறகு அளந்தால் மீட்டர் அந்த ஒரு ரெசிஸ்டரை மட்டும் பார்க்காது; பக்கத்து ரெசிஸ்டர், ஐசியின் உள்பாகம் என்று எல்லா வழியிலும் கரண்ட் ஓடி, எண் குறைவாக வரும். கெப்பாசிட்டர் குறுக்கே இருந்தால் எண் நிற்காமல் நகரும். போர்டில் இருக்கும்போதே எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக ஒரு ரெசிஸ்டர் காட்டி, அந்த எண் நிலையாகவும் நின்றால், கெப்பாசிட்டர்களில் சார்ஜ் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டு அதைத் தயங்காமல் கழற்று. குறைவாகக் காட்டினால் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு காலைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படு. உன்னுடைய மஞ்சள் மீட்டரை 200 ஓமில் வைத்து இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடு. பூச்சியம் வராது, 0.3, 0.4 என்று ஏதாவது வரும். அது கம்பியின் தடை. கிட்டில் இருக்கும் 1 ஓம் ரெசிஸ்டர் 1.4 என்று காட்டினால் கழித்துப் பார், சரியாகத்தான் இருக்கும். இடது ஓரத்தில் தனியாக ஒரு 1 நின்றால் அது ஒரு ஓம் அல்ல, அளவு போதவில்லை என்று அர்த்தம். அடுத்த அளவுக்குத் திருப்பு. 9 வோல்ட் பெட்டரி இறங்கியிருந்தால் எல்லா எண்ணும் பொய். பெரிய மதிப்புகளை அளக்கும்போது இரண்டு கையாலும் கால்களைப் பிடிக்காதே. நம்ம ஊர் ஈரத்தில் வியர்த்த விரல் வழியாக உன் உடம்பும் ஒரு ரெசிஸ்டராகச் சேர்ந்துகொள்ளும். 680க்கு அது பொருட்டில்லை, 1 மெகாவுக்குப் பெரிய விஷயம்.

வொலியூம் கொன்ட்ரோலுக்கு மட்டும் என் பழைய சன்வா முள் மீட்டர்தான் நல்லது. திருப்பத் திருப்ப முள் வழுக்கிக்கொண்டு போனால் நல்லது, இடையில் குதித்தால் உள்ளே தூசி. ஒன்று ஞாபகம் வை: அந்த முள் மீட்டரில் ஓம் அளவுக்கு வைத்தால் கறுப்புக் கம்பியில்தான் பிளஸ் வரும். டயோட் பார்க்கும்போது தலைகீழாகத் தெரியும்.

பழைய டீவி போர்டிலிருந்து ரெசிஸ்டர் கழற்றிப் போடுவதை நான் தடுக்கமாட்டேன். கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களில் வானொலி தொடங்கியதே பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் பாகங்களை வைத்துத்தான் என்பார்கள். கழற்றியது என்றால் காலைப் பிளேடால் சுரண்டிவிட்டு அளந்து போடு, அவ்வளவுதான்.

கரண்ட் கொடுக்கும் முன் இரண்டு இடம் பார்க்க வேண்டும். இந்த ஐசியின் முதுகுத் தகடு உள்ளே மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா வைத்து இறுக்கிய பிறகு தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. பிறகு பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும், மைனஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் வைத்துப் பார். பெரிய கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு மூன்று ஓமில் அப்படியே நின்றால் எங்கோ ஷோர்ட், பிளக்கைத் தொடாதே. முதல் தடவை 60 வாட் இழை பல்பைத் தொடராகப் போட்டே கொடு. ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்தால் உடனே நிறுத்து.

ஒரு தடவை கரண்ட் கொடுத்த பிறகு ஓம் அளக்க வேண்டுமானால் பிளக்கைக் கழற்று, முதலில் வோல்ட் அளவில் கெப்பாசிட்டரைப் பார். மிச்சம் இருந்தால் 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே சிறிது நேரம் பிடித்து இறக்கு. ஸ்குரூ டிரைவரால் பட்டென்று தொடுகிறவர்களைப் பார்த்துப் பழகாதே. இந்த மாதம் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் வேலை எதுவானாலும் நிறுத்திவிடு.

ஸ்பீக்கரையும் அளந்து பார். 8 ஓம் என்று எழுதியது மீட்டரில் 6 அல்லது 7 காட்டும். மீட்டர் அளப்பது சுருள் கம்பியின் தடையை மட்டும், எழுதியிருப்பது பாட்டு ஓடும்போதுள்ள கணக்கு. அதற்காகக் கடைக்குச் சண்டைக்குப் போகாதே. ஆனால் அதைக் கட்டும் முன் வெளியீட்டில் டிசி வோல்ட் பார்த்தே ஆக வேண்டும். சில மில்லிவோல்ட்தான் இருக்கலாம், ஒரு வோல்ட் இருந்தாலும் கட்டாதே.

22 கிலோ, 680, 1 ஓம் மூன்றும் உன் மீட்டரில் எவ்வளவு காட்டின என்று எழுதி அனுப்பு. அதுவரை ஐசியைப் பலகையில் வைக்க வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா