பன்றிக் கொட்டிலும் கடன் மனுவும்

அரியாங்குப்பம் வட்டாரத்துச் சங்கங்களின் கடன் மனுக்களைப் பரிசீலிக்குங்கால், கறவை மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் அடுத்தபடியாக வெண்பன்றிக்கும் மனுக்கள் வரக் காண்கிறோம். தறியில் வேலை குறைந்த மாதங்களுக்கு ஒரு துணை வருமானத்தை அங்கத்தினர்கள் நாடுவது இயல்பே. ஆயினும் அம்மனுக்களில் குட்டியின் விலையும் தீனிச் செலவும் விரிவாக எழுதப்பட்டிருக்க, கொட்டிலைப் பற்றி மட்டும் ‘தகரக் கூரை’ என்ற இரண்டே சொற்கள் காணப்படும்.

அத்தகைய மனு ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாமே பரிந்துரைத்துக் கையொப்பமிட்டோம். அவ்வாண்டு அக்கினி நட்சத்திரத்தில் சினைப்பன்றிகள் இரண்டும் தீனி எடாமல் மூச்சிரைத்து மாண்டன. நேரில் சென்று பார்த்தபோது, நண்பகலில் அக்கொட்டிலினுள் ஐந்து நிமிடம் நிற்க நம்மாலேயே இயலவில்லை. அந்த அங்கத்தினர் தவணையை இன்றும் செலுத்தி வருகிறார். அவ்விழப்பில் நமக்கும் பங்குண்டு என்பதாலேயே இதனை எழுதலானோம்.

பன்றிக்கு வேர்த்து உடல் குளிரும் வசதி அநேகமாக இல்லை. தோலுக்கடியில் கொழுப்புப் படலம் வேறு. அது சேற்றில் புரள்வது அழுக்கின்மேல் கொண்ட ஆசையால் அன்று. மேனியிலுள்ள ஈரம் காற்றில் உலரும்போது சூடு தணிகிறது. நல்ல தண்ணீர் கிடைத்தால் அதிலேயே படுத்துக்கொள்ளும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் வளர்ந்த பன்றி தீனியைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக அமைதல் வேண்டும். பக்கச் சுவர் இடுப்பளவுக்கு மேல் எழும்பலாகாது. தகரமே போட்டாலும் அதன்மேல் கீற்று வேய்ந்து, நண்பகலில் நீர் தெளித்தல் நன்று.

புதிதாய்ப் பிறந்த குட்டிக்கோ நேர்மாறாக 32 முதல் 34 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். தாய்க்குக் குளிர்ச்சியும் குட்டிக்குச் சூடும் ஒரே அறையில் அமையவேண்டியிருப்பதே இத்தொழிலின் நுட்பம். மூலையில் ஒரு பகுதியைத் தடுத்து மின்விளக்கைத் தொங்கவிட்டால் குட்டிகள் அங்கே ஒதுங்கும். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி இரும்புக் குழாய் பதித்தால், தாய் சாயும்போது குட்டிகள் நசுங்குவது பெரிதும் குறையும். குட்டி ஈனும் அறையின் பரப்பு 7 முதல் 9 சதுர மீட்டர் இருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் 1965-இல் பிராம்பெல் குழு, பண்ணை விலங்கு எழவும், படுக்கவும், திரும்பவும், உடலைத் துப்புரவு செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அறிக்கை தந்தது. சினைப்பன்றி திரும்பவும் இயலாத குறுகிய அடைப்புகளை அந்நாடு 1999-இல் தடை செய்தது. அத்தடைக்கு முன்னரே எடின்பரோவில், பண்ணைப் பன்றிகளை மரஞ்செடி அடர்ந்த வெளியில் விட்டு ஆராய்ந்தனர். அவை உறங்கும் இடத்தைவிட்டு விலகியே சாணமிட்டன. ஈனுமுன் புல்லும் சருகும் சேர்த்துப் படுக்கை அமைத்தன. பன்றி அசுத்தமானது என்பவர் அதற்கு ஒதுக்கிய இடத்தின் அளவைப் பார்ப்பதில்லை போலும்! ஈனுவதற்கு முந்தைய நாள் ஒரு கட்டு வைக்கோல் இடுவதற்குக் கடன் வேண்டியதில்லை.

இனித் தீனி. புதுவை நகரத்து உணவு விடுதிகளின் மிச்சம் மலிவாகக் கிடைப்பதே பலரை இத்தொழிலுக்கு இழுக்கிறது. அதனை அப்படியே கொட்டுதல் பேராபத்து. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டு, 2022-இல் கேரளத்து வயநாட்டையும் எட்டியது. மனிதரைத் தொற்றாத அந்நோய் பன்றிகளைக் கூட்டமாக அழிக்கிறது. கண்டபின் தீர்க்க மருந்தில்லை. வேகாத பன்றி இறைச்சித் துணுக்கிலும் அதன் கிருமி உயிரோடிருக்கும். ஆதலின் மிச்ச உணவை 90 டிகிரியில் ஒரு மணி நேரம், இடைவிடாது கிளறிக் காய்ச்சுதல் வேண்டும். விறகுச் செலவை மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

சாம்பாரிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு மற்றொரு தொல்லை. தண்ணீர் போதாத நாளில் அவ்வுப்பு மூளையைத் தாக்கும். பன்றி பார்வையிழந்து, தலையைச் சுவரில் முட்டி, வலிப்புற்று விழும். வீராம்பட்டினத்துக் கருவாட்டைத் தீனியில் சேர்ப்போருக்கும் இது பொருந்தும். தொட்டியில் எந்நேரமும் நல்ல நீர் இருக்கட்டும். வெறும் சோற்றால் கொழுப்பேறுமேயன்றித் தசை வளராது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தாது உப்புக் கலவையும் உடன் வேண்டும்.

குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை. தாய்ப்பாலில் கிடைப்பதோ ஏறத்தாழ 1 மில்லிகிராமே. மண்ணைக் கிளறித் திரியும் குட்டி மண்ணிலிருந்து ஓரளவு பெறும். சிமெண்டுத் தரையில் அதற்கு வழியில்லை. மூன்றாம் அல்லது நான்காம் நாள் இரும்புச் சத்து ஊசி போடாவிடில் வெளுத்து மெலியும். குரும்பாப்பட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வயலோரத்தார்க்கு ஒரு வார்த்தை. மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கொசு நெல்வயல் நீரில் பெருகுகிறது. அதன் கிருமி பன்றியின் உடலில் பல்கிப் பின்னர்க் கொசுவால் குழந்தைகளை அடைகிறது. இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதலில் அறியப்பட்டது 1955-இல், வேலூர்ப் பகுதியிலேயே. கொட்டில் குடியிருப்பைவிட்டு விலகியிருத்தலும், கழிவுநீர் தேங்காதிருத்தலும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி பற்றிச் சுகாதார நிலையத்தில் கேட்டறிதலும் அவசியம்.

இனி நம்மிடம் வரும் பன்றிக் கடன் மனுவுடன் கொட்டிலின் வரைபடம், காய்ச்சும் பாத்திரத்தின் அளவு, தண்ணீர் வசதி ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுக்கக் கோருகிறோம். பார்வையிட நாமும் காலையில் வாராது நண்பகலில் வருவோம்.