கடை வாங்கும் முன்: பஜாரா, காம்ப்ளெக்ஸா, பைபாஸா?

சிறு ஊரில் கடை வாங்கப் போகிறவரிடம் புரோக்கர் முதலில் சொல்வது சென்ட் விலையைத்தான். அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த வாசலில் நடக்கிற வியாபாரம் எவ்வளவு வாடகை தாங்கும் என்று பாருங்கள். கடையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டி போன்ற ஊர்களில் பொதுவாக மூன்று வகை இடங்கள் விலைக்கு வரும்.

பஜார் கடை

பேருந்தில் வந்து இறங்கும் கிராமத்து ஜனம் நடந்தே வரும் தெரு. ஜவுளி, மருந்து, பாத்திரம் என்று ஆள் மாறினாலும் கடை அதிக நாள் பூட்டிக் கிடக்காது. ஆனால் கட்டடம் பழசாக இருக்கும், பத்திரத்தில் சிக்கலும் இருக்கலாம். கோயிலை ஒட்டிய தெருக்களில் கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது உண்டு. அறநிலையத் துறை அனுமதியின்றி அந்த மண்ணை யாரும் விற்க முடியாது.

வாசலில் நின்று இரண்டு விஷயம் கவனியுங்கள். படிக்கட்டு சாக்கடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், ஆக்கிரமிப்பு அகற்ற நகராட்சி பொக்லைன் வரும் நாளில் படி போய்விடும். ரோட்டின் மேல் ரோடு போட்டுக் கடைத் தரை தாழ்ந்திருந்தால், ஐப்பசி மழைத் தண்ணீர் ஷட்டருக்கு அடியில் நுழையும்.

காம்ப்ளெக்ஸ் கடை

கட்டடம் புதுசு, விலை கைக்கு எட்டும். தரைத்தளம் என்றால் யோசிக்கலாம். மாடிக்கு டியூஷன் சென்டரும் ஆடிட்டர் அலுவலகமும்தான் வரும். வாடகை கீழ்க்கடையை எட்டாது. பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, வரைபட அனுமதி எத்தனை மாடிக்கு, கழிப்பறையும் வண்டி நிறுத்த இடமும் உண்டா என்று கேளுங்கள்.

பைபாஸ் இடம்

லாரி வந்து திரும்ப வசதி இருப்பதால் டைல்ஸ், ஹார்டுவேர், கிட்டங்கி, வாகன ஷோரூம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். சில்லறை வியாபாரத்துக்குப் பொருந்துவது அரிது. கோவில்பட்டியில் நெடுஞ்சாலையோரம் கூடுதல் பேருந்து நிலையம் கட்டியும், பேருந்துகள் உள்ளே வராமல் அணுகுசாலையிலேயே ஆளை இறக்கிவிடுவதாகப் பல காலம் புகார் இருந்தது. அரசு கட்டடம் வருகிறது என்பதற்காகக் கூட்டமும் வந்துவிடாது. வரப்போவதை நம்பி இன்றே விலை கொடுக்காதீர்கள்.

வாடகைக் கணக்கு

ஒரு உதாரணம் போடுவோம். பஜார் கடை 60 லட்சம், மாத வாடகை 20,000 ரூபாய். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் அடக்கம் 65.4 லட்சம். ஆண்டு வாடகை 2.4 லட்சத்தில் ஒரு மாதக் காலியும் சொத்து வரியும் மராமத்தும் 40,000 போனால் கையில் நிற்பது 2 லட்சம். சுமார் 3 சதவீதம். பைபாஸ் இடம் 40 லட்சம், வாடகை 9,000, ஆண்டில் நான்கு மாதம் காலி என்றால் 2 சதவீதம்கூடத் தேறாது. மீதி லாபமெல்லாம் மண் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான்.

விற்பவர் வாயால் சொல்லும் வாடகை போதாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் வங்கியில் வரவான கணக்கையும் கேளுங்கள். வாடகைதாரர் கொடுத்த அட்வான்ஸை விலையில் கழியுங்கள். காலி செய்யும்போது அதைத் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள்தான்.

பத்திரம்

30 ஆண்டு வில்லங்கம், மூலப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, சர்வேயர் அளந்த முகப்பு ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். பதியாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தால் தெரியும்.

வாடகையை நம்பி வாங்குபவருக்குப் பத்திரம் சுத்தமான பஜார் கடை. கனமான சரக்கைச் சொந்தமாக விற்பவருக்கு பைபாஸ். கைப்பணம் குறைவு என்றால் காம்ப்ளெக்ஸில் தரைத்தளம் மட்டும். அடிமனை யாருடையது என்பது தெளிவாகாத கடைக்கு, எவ்வளவு மலிவாக வந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.